பூனைத் தட்டில் எலியின் பங்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பூனை பட்டினி கிடக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். எழுபது கிலோமீட்டர் சொச்சம் கடற்கரை. தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று மீன்பிடித் துறைமுகங்கள். தெருவுக்குத் தெரு மீன் கொண்டுவரும் பெண்கள். கடலைப் பார்க்காத பூதப்பாண்டியிலும் தோவாளையிலும்கூட அசைவ வீடுகளில் மீன் மணக்காத மத்தியானம் குறைவு. இந்த ஊரில் பூனை வளர்ப்பது தனிச் செலவே இல்லை என்பதுதான் பொது நினைப்பு.

முற்றத்தில் குந்தியிருந்து சாளை கழுவுகிற வீட்டில் பூனையின் சாப்பாட்டைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். செதிலை உரசிக் களைந்து, தலையைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, குடலை விரலால் வழித்துச் செவுளோடு சேர்த்து எறிவார்கள். பூனை முதலில் குடலை விழுங்கும். பிறகு தலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கடைவாயால் நொறுக்கும். மத்தியானம் வருவது வேறு. பழைய சட்டியில் இரண்டு கை சோறு, அதன்மேல் ஒரு கரண்டி மீன்கறி, இலையில் மிஞ்சிய முள். நிறமும் மணமும் மீன். எடை போட்டால் பெரும்பங்கு சோறு. இரவிலும் அதுவே. காலையில் விழுந்த குடலும் தலையும் தெருவில் இருக்கிற மற்ற மூன்று பூனைகளோடு பங்கு போட்டுக்கொண்டது.

"பூச்சைக்கு என்ன கொறை, தெனமும் மீனுல்லா திங்கு" என்பார்கள். தின்பது உண்மை. எவ்வளவு தின்கிறது, கூட எதைத் தின்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய நாஞ்சில் நாட்டு வீடுகளுக்குப் பூனை செல்லமாக வரவில்லை, வேலைக்கு வந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்து, நெல் பத்தாயத்தில் மாதக்கணக்கில் கிடந்த காலம். களத்தில் எலி, வைக்கோல் படப்பில் எலி, தென்னை மண்டையில் எலி, ஓட்டுக்கூரையின் கழுக்கோலில் எலி. வீட்டார் வைத்த சோறு பூனைக்கு மேல்வரும்படி மாதிரிதான். சுசீந்திரத்து அக்கிரகாரத்திலும் சைவ வெள்ளாளர் வீடுகளிலும் பருப்புச் சோறும் மோரும் தின்ற பூனைகள் கொழுகொழுவென்று திரிந்ததைச் சொல்லி, "எங்க வீட்டுப் பூனை சைவம்" என்று பெருமைப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பூனை ராத்திரி எங்கே போயிற்று என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. எலி, தவளை, ஓணான், அரணை, குருவிக்குஞ்சு, வெட்டுக்கிளி என்று இருட்டில் நடந்த சாப்பாடுதான் அதை வாழவைத்தது. பகலில் தின்ற பருப்புச் சோறு, வீட்டைவிட்டு ஓடிவிடாமல் இருப்பதற்கான பிணைப்பு.

இன்றைக்குப் பத்தாயம் இல்லை. நெல் களத்திலிருந்தே மூடையாகப் போய்விடுகிறது. வயல் பாதி வீட்டுமனை, கூரை கான்கிரீட், ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. நாகர்கோவிலில் அடுக்குமாடி வீட்டில் வளர்கிற பெர்சியன் பூனை எலியைப் படத்தில்கூடப் பார்த்திருக்காது. வேட்டை நின்றுவிட்டது, சோறு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டுப் பூனைகளுக்கு இன்று வருகிற நோய்களில் பலவற்றுக்கும் வேர் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

காட்டிலும் தெருவிலும் தானாக வேட்டையாடி வாழும் பூனைகள் எதைத் தின்கின்றன என்று உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆய்வுகளைத் தொகுத்து, 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தப் பூனைகளுக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் 52 விழுக்காடு புரதம், 46 விழுக்காடு கொழுப்பு. மாவுச்சத்து முதலான மீதி எல்லாம் சேர்ந்து 2 விழுக்காடு. அந்த இரண்டும் பெரும்பாலும் எலியின் வயிற்றில் இருந்த தானியம், எலியின் ஈரலில் இருந்த சர்க்கரை. நம் சோற்றை எடுத்துக்கொண்டால் அதன் ஆற்றலில் 90 விழுக்காடு மாவுச்சத்து. புரதம் 8 விழுக்காடு சுமார். பூனைச் சட்டியில் நாம் வைப்பது அதன் உடல் கேட்கும் கணக்கை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டது.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி. ஆக, எட்டு எலி. அந்த எட்டு எலியில் சதை மட்டுமா இருக்கிறது? எலும்பு இருக்கிறது, அதில் சுண்ணாம்புச்சத்து. ஈரலில் வைட்டமின் ஏ. இதயத்திலும் மூளையிலும் டாரின். உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஒரு எலியை முழுதாகத் தின்றால் எதுவும் விட்டுப்போகாது. பூனை இனம் பல லட்சம் ஆண்டுகளாக இப்படியே தின்று வந்ததால், அதன் உடல் சில வேலைகளைக் கைவிட்டுவிட்டது. தெருமுனைக் கடையில் தோசைமாவு பாக்கெட் தினமும் கிடைக்கிறது என்றதும் வீட்டு ஆட்டுக்கல்லைத் தூக்கிக் கொல்லையில் போட்டோமே, அப்படி. கடை திறந்திருக்கும் வரையில் குறை தெரியாது.

கைவிட்ட வேலைகளில் முக்கியமானது டாரின் தயாரிப்பு. 1827இல் ஜெர்மனியில் டீடமன், கிமெலின் என்ற இருவர் மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. மனித உடல் வேறு அமினோ அமிலங்களிலிருந்து இதைத் தானே செய்துகொள்ளும். நாய்க்கும் பெரும்பாலும் முடியும். பூனையால் போதுமான அளவு செய்யமுடியாது. செய்யமுடியாததோடு, செலவும் அதிகம். கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பித்த அமிலத்தோடு ஒரு துணைப்பொருள் சேரவேண்டும். நமக்கு டாரின் இல்லாவிட்டால் கிளைசின் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பூனைக்கு டாரினைத் தவிர எதுவும் ஒத்துவராது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் டாரின் குடலுக்குள் போய், ஒரு பகுதி மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

1975இல் ஹேய்ஸ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பால் புரதமான கேசீனை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை மெல்ல அழிந்துகொண்டு வந்தது. கேசீனில் டாரின் இல்லாததுதான் காரணம். பாலும் சோறும் தின்று வளரும் பூனைகளை நினைத்துக்கொண்டு படித்தால் இந்த ஆய்வு நம் அடுக்களைக்கு மிகப் பக்கத்தில் வந்துவிடும். கண் போவது வெளியே தெரியாது என்பதுதான் இதில் மோசமானது. பூனை மீசையாலும் காதாலும் மூக்காலும் வீட்டைப் பழகி வைத்திருக்கும். நாற்காலியை இடம் மாற்றிப் போட்ட அன்றைக்குத்தான் முட்டிக்கொள்ளும்.

இதயத்தின் கதை இன்னும் பெரியது. அமெரிக்காவில் டப்பா உணவும் பொட்டல உணவும் தின்று வளர்ந்த பூனைகள், பெயர்பெற்ற நிறுவனங்களின் சரக்கைத் தின்றவைகூட, இதயத் தசை தளர்ந்து பை போல விரிந்து செத்துக்கொண்டிருந்தன. விரிந்த இதயம் திரும்பச் சுருங்காது என்றுதான் அன்று எல்லாரும் நம்பினார்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கால்நடை இதய மருத்துவரான பால் பியான், இப்படிப்பட்ட பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைந்திருப்பதைப் பார்த்தார். டாரினைக் கொடுத்துப் பார்த்தபோது இதயம் தேறிவந்தது. 1987இல் அந்த ஆய்வும் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உணவு நிறுவனங்கள் உடனே டாரின் அளவைக் கூட்டின. அந்த நோய் சில ஆண்டுகளில் அரிதாகிவிட்டது. ஒரு நோயை மருந்தில்லாமல் சமையல் குறிப்பை மாற்றியே விரட்டியது கால்நடை மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

நம்மைப் பொறுத்தவரை இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. டாரின் கடலில் தாராளமாகக் கிடக்கிறது. மீனில் இருக்கிறது, சூரையின் கறுத்த சதையில் வெள்ளைச் சதையைவிடக் கூடுதல். கணவாயிலும் சிப்பியிலும் அதைவிட அதிகம். குளச்சல் பக்கத்துப் பாறைகளில் மூழ்கி எடுக்கிற சிப்பியைக் கறி வைத்தபின் ஒன்றிரண்டைப் பூனைக்குப் போட்டால் அது வீண் போகாது. நிலத்து உணவில் கோழி இதயமும் தொடைக்கறியும் நல்லவை. கெட்ட செய்தி, டாரின் தண்ணீரில் கரையும். மீனையோ கறியையோ நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையை மட்டும் வைத்தால் டாரினில் பெரும்பகுதி சாக்கடையில் போயிருக்கும். வேகவைத்த தண்ணீரோடு வைக்கவேண்டும்.

கைவிட்ட வேலைகள் இன்னும் உண்டு. முருங்கைக்கீரை, பப்பாளி, காரட் இவற்றின் மஞ்சள் நிறப்பொருளை நம் உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும், பூனையால் ஆகாது. தாவர எண்ணெயிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைப் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. அதை விலங்குக் கொழுப்பிலிருந்துதான் பெறவேண்டும். மதில்மேல் படுத்து வெயில் காய்கிற பூனையைப் பார்த்து வைட்டமின் டி வாங்குகிறது என்று நினைப்போம். அதற்கும் வழியில்லை. வைட்டமினாக மாறவேண்டிய மூலப்பொருளைப் பூனையின் தோல் வேறொன்றாக மாற்றிவிடுகிறது. வெயில் அதற்கு வெறும் கதகதப்புதான், வைட்டமின் டி எலி ஈரலிலும் மீன் கொழுப்பிலும் இருக்கிறது.

புரதம் விஷயத்தில் பூனையின் ஈரல் ஊதாரி. புரதம் குறைந்தால் நம் உடல் சிக்கனம் பிடிக்கும். பூனையின் ஈரல் அந்தச் சிக்கனத்தை மிகக் கொஞ்சமாகவே செய்யும். உணவில் புரதம் வரவில்லையென்றால் தன் தசையைக் கரைத்து எரித்துக்கொண்டே இருக்கும். இப்படிப் புரதத்தை எரிக்கும்போது அம்மோனியா உண்டாகும். அதை யூரியாவாக்கி வெளியேற்ற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும். 1978இல் டேவிஸில் மாரிஸும் ராஜர்ஸும் ஆர்ஜினின் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை பூனைகளுக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் வாந்தியும் தள்ளாட்டமும் வந்தது, ரத்தத்தில் அம்மோனியா ஏறியிருந்தது. ஒரு சத்து ஒரு வேளை தவறினால் உயிருக்கே ஆபத்து என்பது பாலூட்டிகளில் வேறு எங்கும் எளிதில் காணமுடியாத விஷயம். வழக்கமான இறைச்சியிலும் மீனிலும் ஆர்ஜினின் போதுமானது இருப்பதால் வீட்டில் இந்தப் பயம் வேண்டாம். அந்த உடல் எவ்வளவு தூரம் இறைச்சியை நம்பி நிற்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனிப்புகூடப் பூனைக்குத் தெரியாது. இனிப்பை உணரும் நாவின் ஏற்பியைச் செய்யும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் உடைந்து கிடக்கிறது என்று 2005இல் ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டார்கள். பாயசத்தைப் பூனை நக்குகிறது என்றால் அதில் உள்ள பால்கொழுப்புக்காக. மீன் மணத்துக்கு அது ஏன் பைத்தியம் பிடித்து ஓடிவருகிறது என்பதற்கும் விடை வந்துவிட்டது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஊன்சுவையை உணரும் ஏற்பி பூனை நாவில் நல்ல கூர்மையோடு இருப்பதை 2023இல் இங்கிலாந்தின் வால்தாம் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். சூரை மீனில் நிறைய உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் ஒரு நியூக்ளியோடைடும் சேர்ந்தால் அதன் கொண்டாட்டமே தனி. தேங்காய் விஷயத்தில் நேர் எதிர். தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாக உள்ள நீளம் குறைந்த கொழுப்பு அமிலங்களைப் பூனைகள் வெறுத்து ஒதுக்குவதை 1980களில் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். தேங்காய் அரைக்காமல் கறியே வைக்காத நாட்டில் பூனைகள் எதைப் பொறுத்துக்கொண்டு நம்மோடு வாழ்கின்றன பாருங்கள்.

சரி, சோற்றை நிறுத்திவிட்டு மீனை மட்டும் போட்டால் தீர்ந்ததா? அதுவும் தீராது.

பச்சை மீன் சிலவற்றில், குறிப்பாக நெத்தோலிச் சாதியிலும் அவற்றின் குடல், தலைப் பகுதிகளிலும், தயமினேஸ் என்ற நொதி உண்டு. வைட்டமின் பி1 ஆகிய தயமினை இது வெட்டிப் போட்டுவிடும். இது முதலில் தெரிய வந்தது பூனையிடம் இல்லை. 1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவருடைய பண்ணையில், பச்சை மீன் தின்ற நரிகள் கால் விளங்காமல் செத்தன. இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். பூனைக்கு வந்தால் முதலில் சாப்பாட்டை மறுக்கும். பிறகு குடித்தவன் போல நடை தள்ளும், கண்பாவை விரிந்தே நிற்கும். தூக்கிப் பார்த்தால் தலை நிமிராமல் தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தொங்கும். அடுத்து வலிப்பு. நேரத்தோடு பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் ஆச்சரியப்படும்படி எழுந்துவிடும், விட்டால் சாகும். சூடு பட்டால் தயமினேஸ் செயலற்றுப் போகும். ஆகவே மீனை வேகவைத்துக் கொடுப்பது பாதுகாப்பு. முற்றத்தில் எறியும் குடல் எப்போதாவது ஒருநாள் போனால் ஒன்றும் ஆகாது. அது மட்டுமே சாப்பாடாக வாரக்கணக்கில் ஓடினால்தான் சிக்கல்.

சாளை சீசனில் வேறொரு தொல்லை. சாளையும் அயிலையும் எண்ணெய் கனத்த மீன்கள். அந்த எண்ணெய் நல்லதுதான், ஆனால் எளிதில் கெட்டுச் சிக்குப் பிடிக்கும். வைட்டமின் இ போதாமல் இவ்வகைக் கொழுப்பு உடலில் நிறையச் சேர்ந்தால், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மஞ்சளாகி, கட்டிகட்டியாகி, அழற்சி கொள்ளும். அந்தப் பூனையைத் தடவப்போனால் கத்தும், மடியில் ஏறாது, குதிக்காது. "என்ன இது, தொடவிடமாட்டேங்குது, குணம் மாறிப்போச்சு" என்பார்கள். குணம் மாறவில்லை, தோல் முழுக்க வலி. மஞ்சள் கொழுப்பு நோய் என்றே இதற்குப் பெயர். சூரையும் சாளையும் மட்டுமே தின்ற பூனைகளில் 1950களிலேயே பதிவானது.

கடலோரப் பூனைகளைப் பற்றி எழுதும்போது மினமாட்டாவைச் சொல்லாமல் விடமுடியாது. ஜப்பானின் அந்த மீனவ ஊரில் 1950களில் பூனைகள் சுழன்று சுழன்று ஆடி, வலிப்பு வந்து, கடலில் விழுந்து செத்தன. ஆட்டநோய் என்று ஊரார் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அதே அறிகுறி மனிதருக்கு வந்தது. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ ரசாயன ஆலை குடாவில் கலந்த பாதரசக் கழிவு மீனில் ஏறி, மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் ஏறியிருந்தது. ஆலையின் சொந்த மருத்துவர் ஹோசோகாவா, ஆலைக் கழிவு நீரை ஒரு பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். 1959 அக்டோபரில் அந்த 400ஆம் எண் பூனைக்கும் நோய் வந்தது. முடிவை வெளியே விடாமல் நிர்வாகம் அமுக்கிவிட்டது. நம் கடல் மினமாட்டா இல்லை. ஆனால் பாதரசம் எந்தக் கடலிலும் சிறிய மீனைவிடப் பல ஆண்டு வாழ்ந்து மற்ற மீனைத் தின்னும் சுறாவிலும் பெரிய சூரையிலும்தான் அதிகம் தேங்கும். பூனைக்கு நித்தம் போட சாளையும் நவரையும் மேல். சுறாத் துண்டு எப்போதாவது போதும்.

மீன்கறியில் மீனைத் தவிர இருப்பவற்றைப் பார்ப்போம். நம் அம்மியில் ஏறும் உள்ளியும் வெள்ளைப்பூண்டும் பூனைக்கு விஷம் என்றே சொல்லலாம். அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைத் தாக்கும். தாக்குதலுக்கு இடங்கொடுக்கும் கந்தகப் புள்ளிகள் மனித ஹீமோகுளோபினில் 2, பூனையுடையதில் 8. அணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், ரத்தத்தில் மாற்றம் தெரிய. நான்கு கிலோப் பூனைக்கு அது நான்கைந்து சின்ன உள்ளி. ஒரு கரண்டிக் கறியில் அவ்வளவு போகாது, உண்மைதான். தினமும் இரண்டு வேளை போனால்? வேகவைத்தாலும் வதக்கினாலும் இந்த விஷம் போகாது. மசாலா சேர்ப்பதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைப்பது பெரிய வேலையில்லை.

ஆண்பூனை வளர்ப்பவர்கள் அடுத்த பத்தியை மட்டுமாவது படிக்கவேண்டும்.

பூனை மணலைப் பறித்து உட்காரும். முதுகைக் கூனிக்கொண்டு நெடுநேரம் முக்கும். எழுந்து நாலடி தள்ளிப் போய் மறுபடி உட்காரும். ஒரு சொட்டு விழும், அல்லது விழாது. நடுநடுவே குறியை நக்கும், அடித்தொண்டையில் முனகும். "வயிறு போவல்ல போலிருக்கு" என்று விளக்கெண்ணெய் ஊட்டுகிற வீடுகள் உண்டு. மலம் அல்ல, மூத்திரம் அடைத்திருக்கிறது. ஆண்பூனையின் மூத்திரக் குழாய் முனையில் நூலிழை அளவுக்குக் குறுகியது. சிறுநீரில் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகங்களும் சளியும் சேர்ந்து அங்கே அடைப்பைப் போட்டுவிடும். முழு அடைப்பு என்றால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ராத்திரியே மருத்துவரைத் தேடவேண்டும்.

இதில் உணவின் பங்கு தண்ணீர் வழியாக வருகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. எலியில் இருக்கிற தண்ணீரே அதற்குப் போதுமாயிருந்தது. தாகம் அதற்கு மந்தம். அதே மந்தத் தாகத்தோடுதான் நம் வீட்டில் இருக்கிறது. அதன்முன் 10 விழுக்காடு மட்டுமே ஈரமுள்ள பொட்டல உணவை நாள்முழுக்க வைத்தாலும், மீன்பிடித் தடைக்காலத்தில் மீனுக்குப் பதில் கருவாட்டைப் போட்டாலும், குறைந்த தண்ணீரைத் தானே போய்க் குடித்து ஈடுசெய்யாது. நம் மாவட்டத்துக்குத் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன், ஜூலை. அதில் கிழக்குப் பக்கத்தின் தடை சரியாகக் கோடையில் விழுகிறது. உப்புக் கருவாட்டை ஊறவைத்து, கழுவி, வேகவைத்து, உப்பிறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வைப்பது குறைந்தபட்ச மரியாதை. பொட்டல உணவு போடுகிறவர்கள் அதில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி ஊறவைக்கலாம். பூனை முகத்தைச் சுளித்தாலும் பழகும்.

பொட்டல உணவைப் பற்றி இரண்டு தரப்பு உண்டு: அதுவே தெய்வம் என்பவர்கள், அது விஷம் என்பவர்கள். இரண்டையும் நான் நம்பவில்லை. பூனைக்கென்றே செய்து, 'முழுமையான உணவு' என்று அட்டையில் போட்ட பொட்டலத்தில் டாரின் உட்பட மேலே சொன்ன சத்துகள் கணக்குப்படி சேர்க்கப்பட்டிருக்கும். வெறும் சோற்றுச் சட்டியைவிட அது நூறு பங்கு மேல். சிலர் விலை குறைவு என்று நாய் உணவு வாங்கிப் பூனைக்கும் சேர்த்து வைக்கிறார்கள். நாய் உணவில் டாரின் கட்டாயமில்லை. அதை வழக்கமாக்குவது பூனையின் கண்ணோடும் இதயத்தோடும் விளையாடுவது. இன்னொன்று, கருத்தடை செய்து வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடக்கும் பூனைக்குத் தேவையான ஆற்றல் முன்னைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். கிண்ணம் காலியாகும்போதெல்லாம் நிரப்பினால் கொழுத்துவிடும். கொழுத்த பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. நீரிழிவு வந்தபின்னும் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டியதால் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பிய பூனைகள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

ஈரல் ஆசை இன்னொரு கண்ணி. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும், பூனையும் வேறு எதையும் தொடாமல் ஈரலையே கேட்கும். மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஏ தேங்கி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, பூனை தன் முதுகை நக்கமுடியாமல் போகும். 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, கட்டைவிரல் அளவு போதும். எலும்பில்லாத கறியை மட்டும் போட்டு வளர்க்கும் குட்டிகளுக்கு வேறு கேடு. கறியில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு அற்பம். உடல் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். குட்டி சும்மா நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் முறியும்.

வீட்டில் சமைத்தே போடுவேன் என்கிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. குடல் நீக்கிய சாளையை முழுதாகக் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, உப்பு உள்ளி எதுவும் இல்லாமல், முள் விரலால் நசுங்கும்வரை வேகவைக்கலாம். முள்ளில் சுண்ணாம்பு, தண்ணீரில் டாரின், கொழுப்பில் வைட்டமின் டி, எல்லாம் உள்ளேயே நிற்கும். அதோடு ஒருநாள் விட்டு ஒருநாள் கோழி இதயம், தொடைக்கறி, முட்டை. கோழியைப் பச்சையாகப் போடவேண்டாம். 2023இல் போலந்தில் பறவைக் காய்ச்சல் கிருமியால் வீட்டுப் பூனைகள் கூட்டமாகச் செத்தபோது பச்சைக் கோழியிறைச்சி மீது சந்தேகம் விழுந்தது. நமக்கு வடக்கே ஆலப்புழையில் வாத்துகளுக்கு அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. சோறு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வெந்த சோற்றைப் பூனையால் செரிக்கமுடியும். கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் சரி. பால் பெரிய பூனைக்குத் தேவையில்லை, பலவற்றுக்கு வயிறு கழியும். சமையல் மட்டுமே சாப்பாடு என்றால் டாரின், வைட்டமின் மாத்திரைகள் எந்த அளவு வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாதி சமையல், பாதி முழுமையான பொட்டல உணவு என்று போட்டால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

சோற்றுக்கே பழகிய பூனை இதையெல்லாம் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குட்டிப் பருவத்தில் தின்று பழகியதைத்தான் அது உணவென்று ஒத்துக்கொள்ளும். பழைய சட்டியில் பழைய சோற்றோடு புதியதைக் கொஞ்சம் கலந்து, பத்து நாளில் மெல்ல அளவை மாற்றவேண்டும். "பசிச்சா தானா திங்கும்" என்று பட்டினி போட்டுப் பார்க்கக்கூடாது. பூனை பட்டினி கிடந்தால், அதிலும் கொழுத்த பூனையானால், உடல் கொழுப்பு மொத்தமாகக் கிளம்பி ஈரலில் வந்து படிந்து சில நாளில் ஈரலே செயலிழந்துபோகும். கண்ணும் ஈறும் மஞ்சளாகிவிட்டால் மீட்பது கடினம். ஒரு முழுநாள் எதையும் தொடவில்லையென்றால் பழைய சாப்பாட்டையே திரும்ப வைத்துத் தின்னச் செய்யுங்கள். அதையும் மறுத்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.